ரிப்போர்ட் நார்மல்... மாத்திரை எதற்கு?

கல்யாண மண்டபங்களில் காலை ஆறு மணிக்கு ஒரு காட்சியைக் கவனித்திருப்பீர்கள். காபி டிரே வரும். முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன் களைப்பில் ஜமுக்காளத்தில் புரண்டு எழுந்த கூட்டம் அதை மொய்க்கும். நாலைந்து பேர் மட்டும் டம்ளரை ஏக்கமாகப் பார்த்துவிட்டு, "எனக்கு இன்னும் அரை மணி ஆகணும்பா... இப்பத்தான் மாத்திரை போட்டேன்" என்பார்கள். பெரும்பாலும் அத்தைகள், சித்திகள், அண்ணிகள். நடுவில் ஒன்றிரண்டு மாமாக்கள்.

தைராய்டு கோஷ்டி!

2013-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் ஐயாயிரத்துச் சொச்சம் பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்குப் பதினோரு பேருக்குத் தைராய்டு சுரப்பு குறைவு. பி.காம். படித்தவனால் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஐந்நூறு பெரியவர்கள் வருகிற முகூர்த்தம் என்றால் ஐம்பத்தைந்து பேர். தனிப் பந்தியே போடலாம்.

இந்தப் பந்தியில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஒரே கேள்விதான் வரும். "ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்னு வந்துடுச்சு சார். அப்புறம் எதுக்கு இன்னும் மாத்திரை?"

நியாயமான கேள்வி மாதிரி இருக்கிறதல்லவா? ஜுரம் விட்டால் ஜுர மாத்திரையை நிறுத்துகிறோம். தலைவலி போனால் தைலத்தை மூடி வைக்கிறோம். இதை மட்டும் ஏன் ஆயுசுக்கும் விழுங்க வேண்டும்?

என் அத்தைக்கும் இதே சந்தேகம் வந்தது. மாயவரத்தில் இருக்கிறாள். வயது அறுபத்து மூன்று. எட்டு வருஷமாகத் தினமும் நூறு மைக்ரோகிராம் மாத்திரை. ஒரு ஐப்பசியில் டெஸ்ட் எடுத்தபோது எல்லாம் கச்சிதமாக நார்மல். எதிர்வீட்டு அம்மாள் உடனே, "அதான் சரியாப் போச்சே. சும்மா சும்மா இங்கிலீஷ் மருந்து தின்னா கிட்னி என்னத்துக்கு ஆகும்?" என்றாள். கிட்னியின் பெயரைச் சொன்னால் நம் ஊரில் எந்த வழக்கையும் ஜெயித்துவிடலாம். அத்தை பாட்டிலை அலமாரியின் மேல் தட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

முதல் மூன்று வாரம் ஒன்றுமே ஆகவில்லை. "பாத்தியா, நல்லாத்தானே இருக்கேன்" என்று மாமாவிடம் பெருமை வேறு.

இந்த மருந்தில் உள்ள ஏமாற்றே இதுதான். தைராக்ஸின் உடம்பை விட்டு அவசரமாகப் போவதில்லை. இருப்பில் பாதி கழியவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மிச்சத்தில் பாதி கழிய இன்னொரு வாரம். அதனால் நிறுத்தியவுடன் எதுவும் தெரியாது. தெரிய ஆரம்பிக்கும்போது, மாத்திரையை நிறுத்திய விஷயமே நமக்கு மறந்து போயிருக்கும்.

அப்படித்தான் ஆயிற்று. தை மாசம் அத்தைக்குக் குரல் கட்டியது. போன் செய்தால், "யாருங்க, மாமாவா?" என்று கேட்கும்படி இருந்தது. மாசியில் முகம் உப்பியது. பங்குனியில் ரசத்துக்கு இரண்டு தரம் உப்பு. பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, அது கருகிய வாசனை தெரு முனை வரைக்கும் போன பிறகும் அசையவில்லை. சித்திரை வெயிலில், மாயவரமே விசிறிக்கு அடியில் கிடக்கும்போது, ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

வீட்டில் எல்லாரும் 'வயசாச்சு' என்றார்கள். பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த மகள், இது மறதி வியாதிதான் என்று முடிவே கட்டிவிட்டாள். கட்டியதோடு நிற்கவில்லை. "குழந்தையை இனிமே அம்மாகிட்ட தனியா விடாதீங்கப்பா" என்றாள் மாமாவிடம், மெதுவாகத்தான். அத்தை காதில் விழுந்துவிட்டது. காது மட்டும் அப்போதும் நன்றாகவே கேட்டது. ஏழு பேரப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி வளர்த்த கை. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. அவள்தான் எதற்கும் பதில் சொல்வதையே விட்டிருந்தாளே.

நல்லவேளை, மறதிக்கு ஸ்பெஷலிஸ்ட்டைத் தேடிப் போவதற்கு முன் உள்ளூர் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அவர் நாடியைப் பிடித்தார். முகத்தைப் பார்த்தார். புறங்கைத் தோலைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒரே கேள்வி: "அந்தச் சின்ன பாட்டில் மாத்திரை என்னாச்சும்மா?"

மாமா விழித்தார். அத்தை ரொம்ப நேரம் யோசித்து, "மேல் தட்டுல" என்றாள்.

ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். நூறைத் தாண்டியிருந்தது. நாலு, ஐந்துக்குள் இருக்க வேண்டிய சமாசாரம்.

இந்த டி.எஸ்.ஹெச். பலரைக் குழப்பும். "தைராய்டு குறைவுன்னு சொல்றாங்க, ரிப்போர்ட்ல அதிகம்னு போட்டிருக்கே?" என்று கேட்பார்கள். எங்கள் காமர்ஸ் பாஷையில் சொல்கிறேன். தவணை ஒழுங்காகக் கட்டினால் பேங்க்கிலிருந்து கடிதம் வராது. பாக்கி விழுந்தால் ஒன்று வரும். மேலும் விழுந்தால் வாரத்துக்கு ஒன்று வரும். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு எழுதுகிற ரிமைண்டர்தான் டி.எஸ்.ஹெச். சரக்கு குறையக் குறையக் கடிதம் கூடும். அத்தை விஷயத்தில் கட்டுக் கட்டாகக் கடிதம் போயிருக்கிறது. வாங்கிப் படிக்கத்தான் ஆள் இல்லை.

டாக்டர் மாமாவிடம் சொன்ன விளக்கத்தை நான் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "வீட்ல பசு இருந்தது, பால் கறந்தது. பசுவுக்கு மடி வத்திப் போச்சு. தினம் பாக்கெட் பால் வாங்குறீங்க. காபி பழையபடி நல்லா இருக்கு. காபி நல்லா இருக்கேன்னு பாக்கெட் பாலை நிறுத்துவீங்களா?"

விஷயம் அவ்வளவுதான். இந்த மாத்திரை சுரப்பியைக் குணப்படுத்துவதில்லை. சுரப்பி கொடுத்திருக்க வேண்டியதைக் கொடுக்கிறது. ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்தால், மாத்திரையும் அளவும் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். சுரப்பி பழையபடி எழுந்து உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

ஏன் எழுந்து உட்காராது? அயோடின் உப்பு சாப்பிடுகிற ஊர்களில் தைராய்டு குறைவுக்கு முக்கியக் காரணம், உடம்பின் காவல் படையே சொந்தச் சுரப்பியை எதிரி என்று நினைத்துத் தாக்குவதுதான். ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் 1912-ல் இதை முதன்முதலில் விவரித்து எழுதினார். வியாதிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. தாக்கி அழித்த இடம் திரும்ப வளர்வது அபூர்வம்.

இந்த மருந்து முதன்முதலில் எப்படி வந்தது தெரியுமா? 1891-ல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் டாக்டர், ஆட்டின் தைராய்டிலிருந்து சாறு எடுத்து நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி மூலம் ஏற்றினார். முகம் வீங்கி, பேச்சு குழறி, நடை தளர்ந்து கிடந்தவர் சில மாதங்களில் எழுந்து நடமாடினார். மறு வருஷமே வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்து, பொடியாக நறுக்கி, பழ ஜெல்லி தொட்டுச் சாப்பிடச் சொன்ன டாக்டரும் உண்டு. சைட் டிஷ் வரைக்கும் யோசித்திருக்கிறார், மகானுபாவர்!

முர்ரேயின் அந்தப் பேஷன்ட் 1919 வரை, எழுபத்து நாலு வயது வரை இருந்தார். அந்த 28 வருஷத்தில் அவருக்காக 870 ஆடுகளுக்கு மேல் தைராய்டைக் கொடுத்திருக்கின்றன. 'அதான் நல்லாயிட்டேனே' என்று அவர் நிறுத்தியிருந்தால் ஆடுகள் பிழைத்திருக்கும். அவர் பிழைத்திருக்க மாட்டார்.

1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டால், தைராக்ஸினைச் சுத்தமான படிகமாகப் பிரித்தெடுத்தார். சுமார் மூன்று டன் பன்றித் தைராய்டை அலசிக் கிடைத்தது 33 கிராம். 1927-ல் ஹாரிங்டன், பார்ஜர் என்ற இருவர் அதைச் செயற்கையாகவே தயாரித்துக் காட்டினார்கள். இன்று எல்ட்ராக்ஸின், தைரோநார்ம் என்றெல்லாம் நாம் வாங்கும் மாத்திரையில் இருப்பது செயற்கை லெவோதைராக்ஸின். சுரப்பி சுரக்கும் டி-4 ஹார்மோனேதான், அணு பிசகாமல் அதே. ஆட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பதில்லை.

"ஆயுசுக்கும் மருந்தா!" என்று மலைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நாளைக்கு நூறு மைக்ரோகிராம் வீதம் முப்பது வருஷம் சாப்பிட்டால் மொத்தம் எவ்வளவு? 1.1 கிராம். நகைக் கடையில் விற்கிறானே ஒரு கிராம் காசு, கிட்டத்தட்ட அந்த எடை. தினச் செலவும் டீக்கடை டீயைவிடக் குறைவு.

அளவு இவ்வளவு சின்னதாக இருப்பதால்தான் ஒழுங்கு முக்கியம். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டிபன். காபியோடு விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இதற்குச் சக்களத்திகள். நாலு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். பாட்டிலை அடுப்பு மேடையில் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் வெளிச்சமும் ஆகாது. அளவு மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டெஸ்ட். அதற்கு முன் எடுத்தால் சரியான கணக்கு வராது.

பெண்ணைப் பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கர்ப்பம் என்று தெரிந்ததும், 'வயித்துல இருக்கிற குழந்தைக்கு மாத்திரை ஆகாது' என்று இதையும் சேர்த்து நிறுத்தச் சொல்கிற பெரியவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், விளைவு விபரீதம். ஆரம்ப மாதங்களில் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது. மூளை வளர அம்மாவின் தைராக்ஸினைத்தான் நம்பியிருக்கும். அந்தச் சமயத்தில் அளவைக் கூட்ட வேண்டி வருவதுதான் வழக்கம். நாள் தள்ளிப்போன உடனேயே டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

அதற்காக இதை டானிக் என்று நினைத்துவிடவும் வேண்டாம். உடம்பு இளைக்கும் என்று நம்பி, தேவையில்லாதவர்கள் சாப்பிடுவது ஆபத்து. இதயம் தாறுமாறாக அடிக்கும், எலும்பு தேயும்.

எல்லோருக்குமே ஆயுசுக்கும் தேவையா என்றால், இல்லை. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தற்காலிகமாகக் குறைந்து, தானே சரியாவது உண்டு. எல்லைக் கோட்டில் நிற்பவர்கள் சிலருக்கு டாக்டரே குறைத்துப் பார்ப்பார். அவர் நிறுத்தட்டும். டெஸ்ட் எடுத்து, பார்த்து, நிறுத்துவார். எதிர்வீடு நிறுத்த வேண்டாம்.

அத்தைக்கு டாக்டர் இருபத்தைந்து மைக்ரோகிராமில் மறுபடி ஆரம்பித்தார். வயதானவர்களுக்கு எடுத்தவுடன் முழு அளவு கொடுத்தால் இதயம் தாங்காது. படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். ஆடி முடிவதற்குள் குரல் தெளிந்தது. ஆவணியில் ரசத்துக்கு ஒரு தரம்தான் உப்பு. பெங்களூர் மகள் குழந்தையோடு வந்து பத்து நாள் விட்டுவிட்டுப் போனாள். யாரும் பழைய பேச்சை எடுக்கவில்லை. போகும்போது மகள் மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றாளாம். மாமா சொன்னார்.

மறக்காமல் இருக்க அத்தை ஒரு வழி வைத்திருக்கிறாள். நாள்காட்டிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பையில் மாத்திரை பாட்டில். காலையில் மாத்திரை போட்ட பிறகுதான் தேதித் தாளைக் கிழிப்பாள். தாள் பழைய தேதியிலேயே இருந்தால் மாத்திரை போடவில்லை என்று அர்த்தம். மாமா காபி கேட்பதற்கு முன் நாள்காட்டியைப் பார்க்கப் பழகிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் யாராவது சித்திரையில் போர்வை தேடினால், "வயசாச்சு" என்று சொல்வதற்கு முன் அலமாரியின் மேல் தட்டை ஒரு தரம் துழாவிப் பாருங்கள். பாட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பாட்டிலே இல்லையென்றால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.