1200 என்னும் எண்ணின் ஆட்சி

ஹெப்பகோடியின் பி.ஜி. விடுதிகளில் தங்கிப் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குச் செல்லும் ஒரு பெண், மூன்று கிலோ எடையைக் குறைக்க விரும்பினால் கைப்பேசிச் செயலி அவருக்கு ஓர் எண்ணை நீட்டுகிறது. பெரும்பாலும் அது 1200 கலோரி. அறிவியலின் பெயரால் நடக்கும் இந்த விநியோகத்தை அறிவியலே ஏற்காது.

எண்ணின் பூர்வீகத்தைப் பார்க்கலாம். அமெரிக்க மருத்துவர் லூலூ ஹன்ட் பீட்டர்ஸ் 1918இல் எழுதிய உணவு நூலிலேயே 1200 வந்துவிட்டது. உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலைக் கணிக்கும் ஹாரிஸ்–பெனடிக்ட் சூத்திரம் 1919இல் பாஸ்டனில் பிறந்தது. செயலிகள் இன்று விரும்பும் மிஃப்ளின் சூத்திரம் 1990இல், அதுவும் அமெரிக்க உடல்களிலிருந்தே. ஹெப்பகோடியிலிருந்து சில்க் போர்டு தாண்டினால் எட்டிவிடக்கூடிய செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பிரகாஷ் ஷெட்டியும் மரியோ சோரஸும் இந்தியர்களை நேரடியாக அளந்து, பன்னாட்டுச் சூத்திரங்கள் இவர்களின் செலவை மிகைப்படுத்துகின்றன என்று 1990களிலேயே காட்டினர். பக்கத்து வீட்டு ஆய்வு செயலிக்குள் நுழையவில்லை.

அச்சூத்திரத்தையே நம்பிக் கணக்கிட்டாலும் கதை மாறாது. வயது 30, எடை 62 கிலோ, உயரம் 152 செ.மீ. கொண்ட பெண்ணுக்கு மிஃப்ளின் தரும் விடை 1259 கலோரி. இதை உழைப்புக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். ‘உட்கார்ந்த வேலை’ என்று தேர்ந்தால் 1.2, விடை 1511. ‘மிதமான உழைப்பு’ என்றால் 1.55, விடை 1951. இடைவெளி 440 கலோரி. தையல் எந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் அமர்ந்து, பிறகு மூன்று மாடி ஏறித் துணி துவைப்பவர் இவற்றில் எதைத் தொட வேண்டும்? குறைக்கச் சொல்லும் அளவே அந்தப் பிழைக்குள் மூழ்கிவிடுகிறது. இதற்கிடையில் திரையில் 1437 என்று ஒற்றை இலக்கம் வரை துல்லியம்!

அடுத்தது, 3500 கலோரிக்கு ஒரு பவுண்டு என்னும் 1958ஆம் ஆண்டு விதி. அதன்படி நாளொன்றுக்கு 500 குறைப்பவர் ஓராண்டில் 23 கிலோவுக்கு மேல் இழக்க வேண்டும். உடல் இளைக்க இளைக்க அதன் செலவும் குறைகிறது என்பதை விதி மறந்துவிடுகிறது. கெவின் ஹாலும் குழுவினரும் 2011இல் லான்செட் இதழில் தந்த தோராயம் வேறு: நிரந்தரமாக நாளொன்றுக்கு 24 கலோரி குறைந்தால் இறுதியில் ஒரு கிலோ, அதில் பாதி முதல் ஆண்டில். மேற்சொன்ன பெண்ணின் எடையில் 5 விழுக்காடு, அதாவது 3 கிலோ, ஓராண்டில் குறைய ஏறத்தாழ 150 கலோரி போதும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி.

கலோரியே பொய் என்று கூறும் எதிர்முகாமுக்கும் இதில் மகிழ இடமில்லை. ஆற்றல் கணக்கு மெய். பொய் அதன் போலித் துல்லியத்தில் உள்ளது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அத்தகையவரிடம் 1200ஐக் கொடுத்தால் அவர் முதலில் கைவிடுவது முட்டையையும் பருப்பையும்தான், ஏனெனில் சோறு விடுதிக் கட்டணத்தில் அடக்கம், முட்டைக்குத் தனிக்காசு.

இரு வாரம் வழக்கம்போல் உண்டு, எடையைக் குறித்து, பின் அதிலிருந்து 150 அல்லது 200 கலோரி குறைத்து, மீண்டும் ஒரு மாதம் எடையைப் பார்ப்பது எந்தச் சூத்திரத்தையும்விட நேர்மையான முறை. ஆனால் குருமாவில் எண்ணெய் ஊற்றும் கை அவருடையதன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் உணவகம் அமைக்கவும், அங்கு பரிமாறப்படும் உணவையும் விலையையும் வரையறுக்கவும் மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. ஊட்டச்சத்துத் துறைகள் அந்த அடுப்படிக்குச் செல்லலாம். செயலியோ தட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறது.