பழைய காரில் கேட் ரிமோட்: வசதிதான், ஆனா அது உங்க வீட்டுச் சாவி!

ஹாலிவுட் படங்களில் கார் தெருமுனை திரும்பும்போதே கராஜ் கதவு தானாக மேலே போகும். நம்ம ஊர் வீடுகளில் கராஜ் கிடையாது. ஒரு போர்டிகோ, அதற்கு முன்னால் இரும்பு கேட். தஞ்சாவூரில் புது வீடு கட்டுபவர்கள் சிலர் இப்போது அந்த கேட்டுக்கு மோட்டார் வைக்கிறார்கள். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு இறங்கித் தள்ள வேண்டாம். முட்டிவலி உள்ள அப்பாவும் தனியாக வண்டியை உள்ளே விட்டுவிடலாம்.

வீடு புதுசு, கார் மட்டும் அப்பாவின் பழைய மாருதி 800. ரிமோட் சீட்டுக்கு அடியில் விழுந்து காணாமல் போகிறது. ‘டேஷ்போர்டுலயே ஒரு பட்டன் வச்சிடலாமே?’ என்ற யோசனை அங்கேதான் வருகிறது. வைக்கலாம். ஆனால் பட்டன் வைத்த நிமிடத்திலிருந்து அந்த கார் உங்கள் வீட்டுச் சாவி. அதைச் சாவி மாதிரி நடத்தத் தயாரா என்பதுதான் கேள்வி.

எப்படிப் பொருத்துவது?

கார் பேட்டரியிலிருந்து நேராக ரிமோட்டுக்கு ஒயர் இழுப்பது தப்பு. ‘12 வோல்ட்’ என்று சொன்னாலும் இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் வரை ஏறும். பல ரிமோட்டுகள் வெறும் 3 வோல்ட்டில் ஓடுபவை. சுலபமான வழி: ரிமோட்டின் சொந்த பேட்டரியை அப்படியே விட்டுவிட்டு, பட்டனின் இரண்டு முனைகளிலிருந்து மட்டும் ஒயர் எடுத்து டேஷ்போர்டில் காலியாக இருக்கும் சுவிட்ச் இடத்துக்குக் கொண்டுவருவது. அந்த ஒயரின் நடுவில், இக்னிஷன் போட்டால் மட்டுமே சேரும் ஒரு ரிலே அவசியம். ரிலேவுக்குப் போகும் லைனில் ஃபியூஸ் கட்டாயம். ரிமோட்டைத் தகரத்துக்குப் பின்னால் மறைத்தால் சிக்னல் குறையும்; பிளாஸ்டிக்குக்குப் பின்னால், வெயில் படாத இடம்தான் சரி.

இந்த ரிலேவுக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். அதை விட்டுவிட்டால், கார் கண்ணாடியை உடைத்துக் கையை நீட்டுபவர்கூட கேட்டைத் திறந்துவிடலாம். பழைய காரின் பூட்டு எவ்வளவு பலம் என்பது அதன் ஓனருக்கே தெரியும்.

ஆபத்து எங்கே?

பல கார்களின் கிளவ் பாக்ஸில் ஆர்.சி. நகல் இருக்கும். அதில் வீட்டு முகவரி இருக்கும். இப்போது அதே காரில் கேட்டைத் திறக்கும் பட்டனும் இருக்கிறது. முகவரியும் சாவியும் ஒரே பையில்! பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெற்றோர் மட்டும் தனியாக இருக்கும் வீடுகள் டெல்டாவில் ஏராளம். அவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது ரிமோட்டின் ரகம். விலை குறைந்த ரிமோட்டுகளில் பல எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே குறியீட்டையே அனுப்பும். பக்கத்தில் நின்று பதிவுசெய்து, பிறகு ஒலிபரப்பினால் போதும், கேட் திறக்கும். 12 சுவிட்ச் உள்ள பழைய ரகத்தில் மொத்தமே 4,096 குறியீடுகள்தான். 2015-ல் சாமி காம்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஒரு குழந்தைகள் பொம்மையை மாற்றியமைத்து, இப்படிப்பட்ட கதவுகளைச் சில நொடிகளில் திறக்க முடியும் என்று காட்டினார்.

ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும் ‘ரோலிங் கோட்’ ரகம் இதைவிடப் பாதுகாப்பு. அதையும் ஏமாற்ற வழி இருப்பதாக அதே ஆண்டில் அவரே காட்டினார். ஆனாலும் வித்தை தெரியாத திருடனுக்கு அது பெரிய தடை. சாவிக்கடையில் உங்கள் ரிமோட்டை ரெண்டே நிமிஷத்தில் காப்பி எடுத்துக் கொடுத்தால் சந்தோஷப்படாதீங்க. பெரும்பாலும் அது மாறாத குறியீட்டு ரகம்தான். காரில் ஒயர் வேலை தொடங்கும் முன் முதலில் அதை மாற்றுங்கள்.

கரண்ட் போச்சுன்னா?

2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேக்கப் பேட்டரி அத்தனை நாள் தாங்காது. மோட்டாரை விடுவித்துக் கையால் தள்ள ஒரு சாவி தருவார்கள். அது எங்கே இருக்கிறது, எப்படித் திருப்புவது என்று மோட்டார் வைத்த மகனுக்கு மட்டும் தெரிந்தால் போதாது; வீட்டில் இருக்கும் அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

காரை விற்கும்போது பலர் ஸ்டீரியோவைக் கழற்றிக்கொள்வார்கள்; டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் ரிமோட்டை மறந்துவிடுவார்கள். அதைக் கழற்றுவதோடு, கேட் மோட்டாரின் ரிசீவரில் பழைய பதிவையும் அழித்துவிட வேண்டும். ரிமோட் தொலைந்தாலும் இதே வேலைதான்.

வீட்டுச் சாவியை மெக்கானிக் ஷெட்டில் இரண்டு நாள் விட்டுவிட்டு வருவோமா? மாட்டோம். காரை விடும்போதும் அந்த யோசனை வர வேண்டும். அவ்வளவு கவனம் முடியாது என்றால், ரிமோட் சாவிக்கொத்திலேயே தொங்கட்டும். அதுவே நல்லது.