அசல் இருக்க நகல் எதற்கு?

"அதான் எல்லாம் செல்போன்லயே வருதே சார், அப்புறம் எதுக்கு மொட்டை மாடியில கம்பியைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

கடந்த ஓராண்டில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்! கடற்கரைச் சாலையில் உடன் நடக்கும் நண்பர்கள், பென்ஷனர் சங்கத்துத் தோழர்கள், எதிர்வீட்டு அம்மாள், கடைசியாக ஒரு பள்ளியின் நிர்வாகி. தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இனி கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாம்.

விஷயம் இதுதான். பூமிக்கு மேலே சுமார் 850 கிலோமீட்டர் உயரத்தில் வடக்கும் தெற்குமாகச் சுற்றும் வானிலைச் செயற்கைக்கோள்கள், தாம் கீழே பார்க்கும் மேகங்களைப் படமாக்கி அப்போதைக்கப்போதே வானொலி அலையில் அனுப்பிக்கொண்டே போகின்றன. அந்த அலைக்குப் பூட்டு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, மாதச் சந்தா கிடையாது. பிடிக்கத் தேவையானவை மூன்று. முதலாவது, கணினியில் சொருகும் விரலளவு டாங்கிள். இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஐரோப்பாவில் டிஜிட்டல் டிவி பார்ப்பதற்காகச் செய்த சாமான் அது. 2012 வாக்கில்தான் அதைக் கொண்டு எந்த அலையையும் கேட்கலாம் என்று சில கெட்டிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது, 53 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு அலுமினியக் கம்பிகள். 'வி' எழுத்துப் போல 120 டிகிரி விரித்துப் படுக்கைவாட்டில் கட்ட வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய லேப்டாப். மென்பொருள் இலவசம். நாம் எதையும் அனுப்பப் போவதில்லை. காதைத் தீட்டி வைத்துக்கொள்கிறோம், அவ்வளவே.

வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே தபாலாபீசில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டிய தலைமுறை நாம். அந்த நாமே இன்று இலவசமாக வருவதைப் பார்த்து "எதுக்கு?" என்கிறோம்.

செல்போனில் வரும் மேகப்படத்துக்கும் மாடியில் பிடிக்கும் படத்துக்கும் என்ன வித்தியாசம்? முப்பத்தைந்து வருடம் சர்க்கார் ஆபீசில் கோப்பு தள்ளியவனுக்கு இதைவிட எளிதான கேள்வி கிடையாது. ஒன்று அசல், மற்றது நகல். செல்போன் படம் எத்தனை கை மாறி வந்தது, எப்போது எடுத்தது, யார் வர்ணம் பூசினார்கள் என்று நமக்குத் தெரியாது. அட்டெஸ்டேஷன் கையெழுத்துக்கூட இருக்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் ஊர் அருகே கரையைக் கடந்தபோது நம் வாட்ஸப் குழுக்களில் என்னென்ன படங்கள் உலவின என்பது நினைவிருக்கிறதா? எந்த ஊர்ப் புயலோ, எந்த வருடத்துப் புயலோ, கண் மாதிரி ஒரு சுழி தெரிந்தால் போதும், "இதுதான் நம்ம புயல், ஷேர் பண்ணுங்க" என்று வந்துவிடும். அன்று காலை என் பேத்தி மாடிப்படி முகப்பில் கம்பியை நீட்டிப் பிடித்த படம் கறுப்பு வெள்ளை. ஓரமெல்லாம் புள்ளி. இலங்கை பாதி மறைந்து, வங்கக் கடல் முழுக்கப் பஞ்சுப் பொதி. ஆனால் அந்தப் படம் எந்த நிமிடத்தில், எந்தக் கோளிலிருந்து வந்தது என்று ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவளால் சொல்ல முடிந்தது. தினம் இருநூறு ஃபார்வர்டு அனுப்பும் என் நண்பர் ஒருவரால் ஒன்றுக்குக்கூட அப்படிச் சொல்ல முடியவில்லை.

"வானிலை ஆய்வு மையம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, இருக்கட்டும். காரைக்காலில் அவர்களுக்கு ரேடார் இருக்கிறது. அவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் நானும் ஜன்னலைச் சாத்துகிறேன். நம் படத்தில் ஒரு புள்ளி என்பது நாலு கிலோமீட்டர், அதை வைத்துக்கொண்டு புயல் எச்சரிக்கை விடுவதற்கு நமக்கென்ன பைத்தியமா? ஆனால் 2011 டிசம்பர் 30-ஐ மறந்துவிட்டீர்களா? 'தானே' அடித்த பிறகு எத்தனை நாள் மின்சாரம் இல்லை, எத்தனை நாள் செல்போன் பொம்மையாகக் கிடந்தது? டவர் விழுந்தால் நகலும் போயிற்று. அப்போதும் மூன்று அமெரிக்கக் கோள்கள் நம் தலைக்கு மேலே படம் சொல்லிக்கொண்டே போயின. கேட்க ஊரில் ஆள் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த மூன்றும் இன்று இல்லை. நோவா-15, நோவா-18, நோவா-19. 2025 ஜூனில் 18-ஐயும் ஆகஸ்டில் மற்ற இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். நோவா-15 மேலே போனது 1998 மே மாதம். இரண்டு வருடம் உழைத்தால் போதும் என்று அனுப்பியது 27 வருடம் உழைத்தது. (நோவா-19 கதை இன்னும் சுவையானது. 2003-இல் தொழிற்சாலையிலேயே தரையில் சாய்ந்து விழுந்து நொறுங்கியது. தாங்கு தட்டிலிருந்த 24 போல்ட்களை யாரோ வேறு வேலைக்குக் கழற்றியிருக்கிறார்கள், குறிப்பு எழுதவில்லை, சரிபார்க்க வேண்டியவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். நம் ஆபீஸ்களை மட்டும் குறை சொல்லாதீர்கள்! செப்பனிட்டு 2009-இல் அனுப்பினார்கள்.)

வயதான கோள்களை நிறுத்தியதில் எனக்கு வருத்தமில்லை. அவற்றோடு ஒரு முறையே போய்விட்டது, அதுதான் வருத்தம். 1963 டிசம்பரில் டைரோஸ்-8 என்ற கோளில் தொடங்கிய முறை அது. நொடிக்கு இரண்டு வரி, டிக் டொக், டிக் டொக் என்று கடிகாரம் போல ஒலிக்கும். ஒலியாகக் கேட்டதைப் படமாகக் கண்ணால் பார்க்கலாம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு எதுவார் பெலான் பெயர் தெரிந்திருக்கும். உருளையில் சுற்றிய புகைப்படத்தை வரிவரியாகத் தடவிக் கம்பி வழியே அனுப்பும் கருவியை 1907-இலேயே செய்து காட்டியவர். செய்தித்தாள்கள் 'பெலினோ' என்று அந்தப் படங்களைச் சொல்லும். அதே வரிவரி வித்தைதான் வானத்திலிருந்தும் வந்தது. சாதாரண மனிதனுக்கு விளங்கும்படியான கடைசி முறை என்றே சொல்வேன். ஏழை நாட்டு வானிலைக்காரனும் மலிவான கருவியில் படம் பெறவேண்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். இன்று யார் அப்படி யோசிக்கிறார்கள்?

முற்றிலும் வறண்டுவிடவில்லை. ரஷ்யாவின் மீட்டியோர் வரிசையில் இரண்டு கோள்கள், 2023-லும் 2024-லும் ஏவியவை, அதே 137 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் டிஜிட்டலாக அனுப்புகின்றன. படம் இன்னும் துல்லியம், வண்ணம்கூட வரும். அதே டாங்கிள், அதே கம்பி. சர்வதேச விண்வெளி நிலையமும் உண்டு. ககாரின் பறந்த ஏப்ரல் 12 போன்ற நாட்களையொட்டிச் சில சமயம் 145.8 மெகாஹெர்ட்ஸில் படங்கள் அனுப்புவார்கள். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம். நிலையம் நம் தலைக்கு மேல் பத்து நிமிடம்தான் இருக்கும், அதற்குள் மூன்று நான்கு படம் பிடிக்கலாம். ஒலிபெருக்கியின் அருகே செல்போனை வைத்தால் அதுவே படமாக்கிக் காட்டும். செல்போன், செல்போன் என்பவர்கள் அதை இப்படியாவது உபயோகிக்கலாம்.

இனி அந்தப் பள்ளி நிர்வாகி. பெயர் வேண்டாம். வருடத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு 'ஸ்பேஸ் கிளப்' நடத்துகிறார்கள். பிளாஸ்டிக் ராக்கெட், சுவரில் நிலாப் படம், டையுடன் ஒரு பயிற்சியாளர், கடைசியில் ஆளுக்கொரு சர்டிபிகேட். என் செலவில் கம்பி கட்டி, சனிக்கிழமை ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குக் காட்டித் தருகிறேன் என்றேன். மூன்று ஆட்சேபணை வந்தது. பிள்ளைகள் மாடிக்குப் போகக்கூடாதாம். போலீஸ் கேட்டால் என்ன சொல்வதாம். கடைசியாக, "ரிசல்ட் கொஞ்சம் மங்கலா இருக்கே சார், பேரண்ட்ஸ் விரும்ப மாட்டாங்க."

மங்கலாகத்தான் இருக்கும். ஆண்டெனாவை ஒரு சாண் நகர்த்தினால் தெளியும். தண்ணீர்த் தொட்டி மறைத்தால் கறுப்புப் பட்டை விழும். ஏன் விழுந்தது என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விதான் பாடம். எங்கள் சின்ன வகுப்பில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடவேளை உண்டு. வாத்தியார் நத்தை, மெழுகுவர்த்தி, காந்தம் என்று ஏதாவது ஒன்றை மேசைமேல் வைப்பார். முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் புத்தகம். இன்றைய ஸ்மார்ட் போர்டில் எதைத் தொட்டாலும் கண்ணாடிதான்.

இந்த நாடு ஒரு காலத்தில் இப்படி இருந்ததில்லை. 1963 நவம்பரில் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அமெரிக்காவினுடையது, அதில் வைத்த சோடியம் ஆவி பிரான்சிலிருந்து வந்தது, கட்டடமோ மீனவர்களின் மாதா கோயில். 1975-இல் செயற்கைக்கோள் டிவியைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் கோழிக்கூண்டு வலையால் செய்த டிஷ்களை வைத்துத்தான் பிடித்தார்கள். சர்க்காரே கோழிவலையைக் கட்டியது. யாரும் பேரண்ட்ஸ் விரும்ப மாட்டார்கள் என்று சொல்லவில்லை. இப்போது சந்திரனில் இறங்கிவிட்டோம். கைதட்டச் சொல்கிறார்கள், தட்டுகிறோம். ஆனால் தன் வீட்டு மாடிக்கு மேலே தினமும் போகும் ஒரு கோளின் குரலைக் கேட்டிராத பிள்ளைகள் நம் ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

டாங்கிள் என்னிடம் உபரியாக ஒன்று இருக்கிறது. கம்பியும் நறுக்கி வைத்திருக்கிறேன். அந்தப் பள்ளியானாலும் சரி, வேறு எந்தப் பள்ளியானாலும் சரி, சனிக்கிழமை காலை ஒரு மணி நேரத்துக்கு மாடிச் சாவியைக் கொடுத்தால் வருகிறேன். பிள்ளைகளிடம் காசு வாங்கக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. சர்டிபிகேட்டும் கிடையாது.