சரவெடிக்கும் தொழுகைக்கும் என்ன சம்பந்தம்?

2021 அக்டோபரில் சியட் டயர் நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று வந்தது. பட்டாசைச் சாலையில் வெடிக்காதீர்கள், குடியிருப்புக்குள் வெடியுங்கள் என்று அதில் ஆமிர் கான் சொல்வார். கர்நாடக பாஜக எம்.பி. அனந்த்குமார் ஹெக்டே உடனே நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். தொழுகை என்ற பெயரில் சாலையை மறிக்கிறார்களே, மசூதி ஒலிபெருக்கிச் சத்தம் இருக்கிறதே, அதையும் கவனியுங்கள் என்றார். விருதுநகர் மாவட்டத்துக் கந்தகப் பூமியில் ஒருவருக்கும் இல்லாத பிரச்சினை இப்படித்தான் சிவகாசிப் பட்டாசின் மேல் ஏற்றப்பட்டது.

சிவகாசியின் உண்மையான தலைவலி வேறு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. தீபாவளி இரவில் இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்றது. தமிழக அரசு ஓடிப்போய்க் கேட்டு, அந்த இரண்டு மணி நேரத்தைக் காலை ஒன்று, மாலை ஒன்று எனப் பிரித்து வாங்கிவந்தது. அதே தீர்ப்பு கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நள்ளிரவையொட்டி முப்பத்தைந்து நிமிடம்தான் கொடுத்தது. அந்த நவம்பரில் மூடிய ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. தடையை மீறிப் பேரியம் பயன்படுகிறதா என்று சிபிஐ விசாரித்தது. 2021 அக்டோபர் 29 அன்று நீதிமன்றம் தடையை மறுபடி உறுதிசெய்தது. இந்தக் கணக்கில் எங்கே வருகிறார் ஆமிர் கான்? சாலையில் தொழுகையை நிறுத்திவிட்டால் பேரியம் நைட்ரேட்டுக்கு அனுமதி கிடைத்துவிடுமா?

இஸ்லாமை விமர்சிக்கும் இணையதளங்கள் ஒருசார்பானவையா என்ற வாதம் எழும்போதெல்லாம் எனக்கு இந்தச் சரவெடிதான் நினைவுக்கு வரும். விமர்சிப்பது குற்றமில்லை. எந்தக் கேள்வியைக் கேட்டாலும் ஒரே பதிலைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் கோளாறு. பட்டாசா, பள்ளிக்கூடமா, கொரோனாவா, எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் காரணம் என்றால் அது ஆய்வு இல்லை, வாய்ப்பாடு.

2020 மார்ச்சில் பிஹாரின் கோபால்கஞ்சில் ஒரு சிறுவன் இறந்துபோனான். மசூதியில் நரபலி கொடுத்தார்கள் என்ற பேச்சை மே மாதம் ஓப்இந்தியா தளம் செய்தியாக்கியது. பிஹார் போலீஸ் அதை மறுத்தது, தளத்தின் மீது வழக்கும் போட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் விக்கிப்பீடியா அந்தத் தளத்துக்கான இணைப்புகளைத் தடைப்பட்டியலில் சேர்த்திருந்தது. தங்கள் கருத்து பிடிக்காததால் ஒதுக்குகிறார்கள் என்பது அந்தத் தளத்தின் வாதம். பெரிய ஊடகங்கள் இடதுசாரிப் பக்கம் சாய்ந்து எழுதுகின்றன, சில செய்திகளைத் தொடவே தயங்குகின்றன என்றும் சொல்வார்கள். இரண்டாவதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஊரார் பேச்சை விசாரிக்காமல் ஒரு பள்ளிவாசல் மேல் கொலைப் பழி சுமத்தியதற்கு அடுத்தவரின் சாய்வு எப்படிச் சமாதானம் ஆகும்?

இந்த இடத்தில் முற்போக்கு முகாமில் பலர் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கேதான் அவர்களோடு எனக்குச் சண்டை. கோவை உக்கடத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்த ஃபாரூக், திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர், கடவுள் மறுப்பாளர். வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் இஸ்லாமைக் கேள்வி கேட்டார். 2017 மார்ச் 16 இரவில் வெட்டிக் கொன்றார்கள். கைதானவர்கள் அவர் பிறந்த சமூகத்தைச் சேர்ந்தவர்கள். தக்கலைக் கவிஞர் எச்.ஜி. ரசூல், இஸ்லாமியப் பண்பாட்டில் குடி பற்றி உயிர்மையில் எழுதிய கட்டுரைக்காக 2007இல் ஜமாத்தால் ஊர்விலக்கம் செய்யப்பட்டார். பெரியாரைக் கொண்டாடும் தமிழ்நாட்டில் ராமரை விமர்சிப்பவருக்கு வரும் ஆதரவு இவர்களுக்கும் வந்திருக்க வேண்டும். முழுதாக வரவில்லை. அந்த மௌனம்தான் வெறுப்புத் தளங்களுக்குத் தீனி. பாருங்கள், எங்களைத் தவிர வேறு யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள் என்று அவை சொல்லும்போது பாதி மெய்யாகிவிடுகிறது. ஆனால் கொல்லப்பட்ட ஃபாரூக் அந்தத் தளங்களுக்குத் தேவைப்படுகிற மாதிரி, உயிரோடு இருந்து இந்து மதத்தையும் சேர்த்துக் கேள்வி கேட்கும் ஃபாரூக் தேவைப்பட மாட்டார்.

எழுதுகிறவர் உள்ளிருந்து எழுதினாலே சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. விக்கிஇஸ்லாம் தளத்தைத் தொடங்கிய அலி சினா முன்னாள் முஸ்லிம்தான், ஈரானில் பிறந்தவர். அப்போது தளத்தில் வசைக்குப் பஞ்சமில்லாமல் இருந்தது. 2015இல் வட அமெரிக்க முன்னாள் முஸ்லிம்கள் அமைப்பின் கைக்கு அது போனது. அவர்கள் கேலியையும் வசையையும் களைந்து, ஆதாரத்தை முன்னே வைக்க முயன்றார்கள். மதத்தின் மேல் அவர்களுக்கு இருக்கும் விமர்சனத்தில் கடுகளவும் குறையவில்லை. சார்பு இருந்தும் திருத்திக்கொள்ள முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

திருத்த வேண்டுமென்றால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே. இதில் சிவகாசிக்கு அனுபவம் அதிகம். தீப்பெட்டி லேபிளில் தொடங்கிய அச்சுத்தொழில் இங்கே நாடு முழுக்கக் காலண்டர் போடுகிறது. ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவரும். ஒரே ஆல்பத்தில் முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் காபாவும் அடுத்தடுத்த பக்கத்தில் இருப்பார்கள். தினசரித் தாளில் ராகுகாலத்துக்குப் பக்கத்திலேயே ஹிஜ்ரி தேதி. இதை மத நல்லிணக்கம் என்று சொன்னால் அச்சகக்காரர் சிரிப்பார். அவருக்கு இது ஆர்டர். ஆனால் எதை அச்சிட்டாலும் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். 2024 வரை இருந்த 1867ஆம் ஆண்டுச் சட்டம் பழக்கிய பழக்கம் அது. தேர்தல் நேரத்தில் இன்னும் கெடுபிடி. வெளியிடுபவர் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்துப் போட்ட உறுதிமொழி கொடுக்க வேண்டும். அச்சகக்காரர் அதன் நகலோடு நோட்டீஸின் பிரதி ஒன்றையும் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பெயர் போடாத துண்டறிக்கைக்கு ஆறு மாதம் வரை சிறை. வட்டச் செயலாளரின் பிரசார நோட்டீஸுக்கே இத்தனை.

வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்டுக்கு அடிவரி கிடையாது. தப்லீக் மாநாட்டைச் சாக்கிட்டு 2020இல் கொரோனாவுக்கு மதம் பூசப்பட்ட விவகாரத்தை விசாரித்தபோது, இணையச் செய்தித் தளங்கள் யாருக்கும் பதில் சொல்வதில்லை என்று 2021 செப்டம்பரில் அன்றைய தலைமை நீதிபதி ரமணா கடிந்துகொண்டார்.

அதற்காக போலீஸை ஏவினால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. 2023 மார்ச்சில் பிஹார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. தமிழக போலீஸ் வழக்குப் போட்டது சரி. யூடியூபர் மணிஷ் காஷ்யப்பைத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைத்தது மிகை. உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது, அவர் ஊருக்குத் திரும்பும்போது தியாகியாகத் திரும்பினார். மாலையும் மேளமும் அரசே ஏற்பாடு செய்து கொடுத்த மாதிரி ஆயிற்று.

பெயர், முகவரி, பிழை வந்தால் திருத்தம் போடும் பொறுப்பாளர்: இந்த மூன்றையும் தளம் தன் முதல் பக்கத்தில் போடட்டும். ஃபாரூக் மாதிரி ஆட்கள் மட்டும் விதிவிலக்கு. பெயரை மறைக்காமல் எழுதிய அவர் இன்று உயிரோடு இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காகப் பெயரை வெளியிடாமல், ஒரு பதிப்பாளர் முன்னே நின்று பொறுப்பேற்கலாம். பெரிய அலுவலகமும் விளம்பர வருமானமும் வைத்துக்கொண்டு நடத்துகிறவர்களுக்கு அந்தச் சலுகை எதற்கு?

பேரியத்துக்கு மாற்று என்ன, பசுமைப் பட்டாசுக்குச் சிறு ஆலை எப்படி மாறுவது, சரவெடித் தடையால் வேலை போன பெண்களுக்கு என்ன வழி என்று சிவகாசி ஏழு வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் பட்டாசைக் காப்பாற்றக் கிளம்புகிற தளங்கள் அதற்கு ஒரு கட்டுரை எழுதட்டும், எழுதியவர் பெயர் போட்டு.