லெலோங் வீடும் இரவு ரயிலும்

பினாங்குத் தீவில் பிறந்து வளர்ந்த எனக்கு ரயில் சத்தம் பழக்கமில்லை. ஜார்ஜ்டவுன் கடலோரத்தில் மணிக்கூண்டோடு நிற்கும் விஸ்மா கஸ்தாம், 1907-இல் ரயில்வே கட்டடமாகக் கட்டப்பட்டது. அந்தக் காலத்தில் அங்கே டிக்கெட் வாங்கி, படகில் அக்கரைக்குப் போய்த்தான் ரயில் ஏறுவார்கள். தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம் என்று எங்கள் ஊரில் இன்றும் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதனால், அப்பா தம் கைப்பேசியில் ஓர் ஏல விளம்பரத்தைக் காட்டி, "ரயிலு பக்கத்துல போவுதாம், அதான் மலிவு" என்றபோது எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

அக்கரையில், பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்தாஜமுக்கும் இடையில், தண்டவாளத்தை ஒட்டிய அடுக்குமாடி வீடு அது. கடன் கட்ட முடியாமல் போனதால் வங்கி ஏலத்துக்கு விட்டிருந்தது. ஏல விலை 121,500 ரிங்கிட். நாங்கள் ஜெலுத்தோங்கில் மாதம் 800 வெள்ளி வாடகை கொடுத்து இருக்கிறோம். அப்பாவுக்கு வேலையும் பிறை தொழிற்பேட்டையில்தான். கணக்குச் சரியாக வருவது போலத்தான் இருந்தது.

அந்த விலை எப்படி வந்தது என்று பார்த்தபோதுதான் எனக்கு முதல் சந்தேகம். வீடு முதலில் 150,000-க்கு ஏலம் விடப்பட்டிருக்கிறது. யாரும் வரவில்லை. ஏலம் கேட்க ஆளில்லை என்றால் அடுத்த முறை ஒதுக்க விலையைப் பெரும்பாலும் 10 விழுக்காடு குறைப்பார்கள். 150,000 அடுத்து 135,000 ஆனது, அதற்கடுத்து 121,500. இரண்டு முறை எல்லாரும் வேண்டாம் என்று விட்ட வீட்டைத்தான் விளம்பரம் 'அரிய வாய்ப்பு' என்றது.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். நம்மில் பலருக்கு இதே கதைதான். வீட்டுக்கு வரும் மலாய்க் கடிதம், ஆங்கில பாரம் எல்லாம் பன்னிரண்டு வயதிலிருந்தே நம் கைக்குத்தான் வரும். மின்சார பில்லும் பள்ளி உதவித்தொகை பாரமும் படித்துச் சொன்ன நாம், ஏல வீட்டின் விற்பனைப் பிரகடனத்தை மட்டும் ஏன் படிப்பதில்லை? "அதெல்லாம் ஏஜென்ட் பாத்துக்குவாரு" என்று அப்பா சொன்னார். ஏஜென்ட் விளம்பரத்தைப் பார்த்துக்கொள்வார். பணம் நம்முடையது.

இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். மலாய், ஆங்கிலம் இரண்டும் தெரிந்தும் சில பத்திகளை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது.

ஏலத்துக்குப் போகும்போதே ஒதுக்க விலையில் 10 விழுக்காட்டை வங்கி டிராப்டாகக் கொண்டு போக வேண்டும். எங்களுக்கு அது 12,150 ரிங்கிட். அப்பாவின் பல வருடச் சேமிப்பு. ஏலம் எடுத்த பிறகு மீதிப் பணத்தைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் கட்டியாக வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் கீழ் நடக்கும் ஏலம் என்றால் 120 நாள். தனி கிரான்ட் இன்னும் வராத அடுக்குமாடி வீடுகளில், வங்கியே நடத்தும் ஏலத்தில் பெரும்பாலும் 90 நாள்தான். அதற்குள் கடன் கிடைக்கவில்லை என்றால் முன்பணம் போய்விடும். எங்கள் மாமா ஒருவருக்கு அப்படித்தான் போனது. ஏலத்தில் ஜெயித்த அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். பழைய மோட்டார்சைக்கிள் கடன் பாக்கி ஒன்று பதிவில் இருந்ததால் வங்கி கடன் தர மறுத்தது. பத்து வருடம் ஆகியும் அத்தை அதைச் சொல்லிக் காட்டாத தீபாவளி இல்லை.

மாதத் தவணையும் நாங்கள் நினைத்தது அல்ல. இணையக் கணிப்பானில் 30 ஆண்டு என்று போட்டால், 4 விழுக்காடு வட்டியில் மாதம் 520 ரிங்கிட் சொச்சம் காட்டியது. அதைப் பார்த்துத்தான் அப்பா முகம் மலர்ந்தது. ஆனால், வீட்டுக் கடனைப் பொதுவாக 70 வயதுக்குள் முடிக்கச் சொல்வார்கள். அப்பாவுக்கு 52. ஆக 18 ஆண்டுதான். அப்படிப் போட்டால் 710 ரிங்கிட். அதோடு பராமரிப்புக் கட்டணம். முந்தைய உரிமையாளர் கட்டாமல் விட்ட பராமரிப்புக் கட்டணமும் மதிப்பீட்டு வரியும் யார் தலையில் விழும் என்பது பிரகடனத்துக்குப் பிரகடனம் மாறும். எங்களுடையதில் 'வாங்குபவரே' என்று ஒரே வரியில் இருந்தது. இவ்வளவையும் கூட்டினால் வாடகையைவிட அதிகம். வாடகை கொடுத்தால் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று அப்பா சொன்னதும் நியாயம்தான். அந்த வாதத்தை நான் மறுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு அப்பாவும் நானும் அங்கே போனோம். ஏல வீட்டுக்குள் போய்ப் பார்க்க முடியாது. இருப்பது இருந்தபடி வாங்க வேண்டும். அதனால் கீழே மோட்டார்சைக்கிள் நிறுத்துமிடத்தில் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். மின்ரயில் போனபோது பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பன்னிரண்டுக்குச் சற்று முன் சரக்கு ரயில் வந்தது. பெட்டி பெட்டியாக, முடியவே முடியாது போல. படிக்கட்டின் இரும்புக் கைப்பிடி அதிர்வதைத் தொட்டுப் பார்த்தேன். "பழகிடும்" என்றார் அப்பா.

பெரியவர்களுக்குப் பழகலாம். எனக்குத் தம்பியின் நினைப்புத்தான் வந்தது. அவன் நான்காம் படிவம். அடுத்த ஆண்டு எஸ்பிஎம். உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டியில், இரவில் ரயில் சத்தம் சராசரியாக 44 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. அதைவிட என்னை யோசிக்க வைத்தது நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு. அங்கே ஒரு தொடக்கப்பள்ளியின் ஒரு பக்க வகுப்பறைகளுக்கு அருகில் மேம்பால ரயில் ஓடியது. ஆர்லின் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர் 1975-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குள், அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் ஏறக்குறைய ஓர் ஆண்டு பின்தங்கியிருந்தார்கள். ஆசிரியர்களும் பள்ளியும் ஒன்றே. பிறகு தண்டவாளத்தில் ரப்பர் தகடு வைத்தார்கள். வகுப்பறைக் கூரையில் சத்தத்தை உறிஞ்சும் பலகை பொருத்தினார்கள். 1981-இல் மறுபடியும் பார்த்தபோது அந்த வித்தியாசம் இல்லை.

இது எங்கள் குடும்ப விஷயம் மட்டுமல்ல. தீவிலும் இனி ரயில் ஓடப்போகிறது. முத்தியாரா எல்ஆர்டி தடத்துக்கு 2025 ஜனவரியில் பணி தொடங்கியது; 2031-இல் முடிப்பது இலக்கு. கொம்தாரிலிருந்து கடலைத் தாண்டி பட்டர்வொர்த் வரையும் அது போகும். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். பஸ்ஸுக்காக வெயிலில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆனால், தடத்தை ஒட்டி வரும் பள்ளிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் ஒலித்தடுப்புச் சுவர் எங்கே வரும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும். தூண் எழும்பிய பிறகு கேட்டால் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொள்ளச் சொல்வார்கள்.

அன்று இரவு இன்னொன்றும் பார்த்தேன். நாங்கள் வாங்க நினைத்த வீட்டின் பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதில் தொடக்கப்பள்ளிச் சீருடை இரண்டு. ஆள் இருக்கிறார்கள். ஏலம் எடுத்தவர்தான் தம் சொந்தச் செலவில், தேவைப்பட்டால் நீதிமன்றம் போய், அவர்களை வெளியேற்ற வேண்டும். பிரகடனத்தில் அதுவும் ஒரே வரிதான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பாட்டி, "கண்ணீர் விழுந்த வீடு நமக்கு வேணாம்" என்றார். லெலோங் வீடு ஆகாது என்று நம்மவர்கள் சொல்வதை நான் முன்பு மூடநம்பிக்கை என்று சிரித்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. ஆனாலும் பாட்டியின் பக்கம் முழுதாகப் போகவும் முடியவில்லை. நாம் வாங்காவிட்டால் அந்தக் குடும்பத்தின் கடன் தீர்ந்துவிடுமா? அடுத்த ஏலத்தில் இன்னும் 10 விழுக்காடு குறைந்து வேறொருவர் எடுப்பார். வீடும் போய், மீதிக் கடனும் அவர்கள் தலையில் கூடுதலாக நிற்கும். லெலோங் வீடு வாங்குவது பாவம் அல்ல. படிக்காமல் வாங்குவதுதான் ஆபத்து.

நம் கோயில்களிலும் இயக்கங்களிலும் எஸ்பிஎம் கருத்தரங்கு நன்றாகவே நடக்கிறது. ஆண்டுக்கு ஒரு மாலை, ஒரு வழக்கறிஞரை அழைத்து ஒரு விற்பனைப் பிரகடனத்தைத் தமிழில் வரிவரியாக விளக்கச் சொல்லலாம். கேட்க வருபவர்களுக்கு என் அப்பாவின் வயது இருக்கும். அவர்களோடு பிள்ளைகளும் வரட்டும்.

எங்கள் ஏலம் நடக்கவில்லை. நான்கு நாள் முன்னதாகப் பட்டியலில் அந்த வீட்டுக்கு எதிரே 'ரத்து' என்று போட்டிருந்தார்கள். ஏன் என்று எழுதியிருக்கவில்லை. பாக்கியைக் கட்டிவிட்டார்கள் என்று பாட்டி முடிவு செய்துகொண்டு அன்று சாமிக்கு விளக்கேற்றினார். அப்பா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் புக்கிட் தெங்காவில் ஒரு வீடு என்று இன்னொரு விளம்பரத்தை எனக்கு அனுப்பினார். கீழே ஒரு வரி: "பேப்பர் வந்திருக்கு, படிச்சிட்டுச் சொல்லு."