முதல்ல நிக்கக் கத்துக்குங்க சாமி!

"மேல வா மச்சி, இறங்கினா தானா வந்துரும்!" பனிச்சறுக்கு பழக வர்றவனை இப்படி உசுப்பேத்துற நண்பர்களே, உங்களுக்குத்தான் இது.

குல்மார்க்குல நானும் ஏமாந்தேன். கேபிள் காரோட இரண்டாவது கட்டம் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்துக்குப் போகுது. புதுசா பழகுறவனுக்கான இடமே இல்ல அது. பாதி மலையை உட்கார்ந்தே இறங்கினேன். ஒரு பொண்ணு மேல மோதாம தப்பிச்சது மயிரிழையில.

முன்னாடி போறவருக்குத்தான் முன்னுரிமை, பின்னாடி வர்றவன்தான் விலகணும்னு சர்வதேச பனிச்சறுக்கு சம்மேளனத்தோட விதியே இருக்கு. நிக்கவே தெரியாதவன் எப்படிய்யா விலகுவான்?

அடிவாரத்துச் சின்ன மேட்டுல, பலகைகளோட முன்நுனியை நெருக்கி, பின்பக்கத்தை விரிச்சு, உள்விளிம்பை அழுத்தி நிக்கப் பழகுங்க. பயிற்சியாளருக்குக் குடுக்குற காசு தண்டமில்ல. எலும்பு டாக்டருக்கு அதைவிட ஜாஸ்தி அழணும்!