வீடு கட்டித் தருபவருக்கும் ஒரு பதிவெண் வேண்டும்

தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு வயரிங் செய்ய உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வேண்டும். பொதுப்பணித் துறையில் சின்னதாக ஒரு வேலையை டெண்டரில் எடுப்பதற்கும் எந்த வகுப்பில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஆனால் ஒரு குடும்பம் தன் ஆயுள் சேமிப்பையும் இருபது வருட வங்கிக் கடனையும் நம்பி ஒப்படைக்கிறதே, அந்தத் தனி வீட்டைக் கட்டித் தருபவருக்கு மட்டும் தேர்வும் கிடையாது, உரிமமும் கிடையாது. நேற்றுவரை வேறு தொழிலில் இருந்தவர் இன்று ஒரு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசலாம். கேட்பதற்கு ஆளில்லை.

இதை இப்போது பேச வேண்டிய காரணம் ஒன்று உண்டு. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுகிறவர்கள் இணையத்தில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம். முன்கூட்டிய கள ஆய்வு இல்லை, பணி முடிவுச் சான்றும் தேவையில்லை. மாதக்கணக்கில் அலுவலக வாசலில் நின்ற மக்களுக்கு இது பெரிய விடுதலை. இதை வரவேற்காமல் இருக்க முடியாது. அதே சமயம், அதிகாரி வந்து பார்க்கும் அந்த ஒரு கண்ணும் விலகிவிட்டது. இனி அந்த வீட்டின் உறுதிக்குப் பொறுப்பு வீட்டுக்காரரும் கட்டித் தருபவரும்தான். வீட்டுக்காரர் பெயர் பட்டாவில் இருக்கிறது. மற்றவர் பெயர் எங்கே இருக்கிறது?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். 2016-இல் வந்த அந்தச் சட்டம், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்கும் திட்டங்களுக்கானது. அடுக்குமாடியில் வீடு வாங்கியவர், ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரையே சரிசெய்யச் சொல்லலாம். சொந்த மனையில் கான்ட்ராக்ட் விட்டுக் கட்டுகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே விற்பனையே இல்லையே. அவருக்கு மிஞ்சுவது நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று நுகர்வோர் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ஆனால் அங்கே போய் எதைக் காட்டுவது? ஒப்பந்தம் வாய்மொழியில், பணம் கையில், ரசீது இல்லை.

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது தமிழகம் முழுவதும் அதிர்ந்தது. தனி வீட்டில் நடக்கும் தவறு அப்படிச் செய்தியாவதில்லை. அது மெதுவாக வெளிப்படும். சில ஆண்டுகளில் தளத்துக்கு அடியில் பூச்சு உப்பும், பெயர்ந்து விழும், உள்ளே துருப்பிடித்த கம்பி தெரியும். அதற்குள் கட்டியவர் கைபேசி எண்ணை மாற்றியிருப்பார்.

அந்தத் தவறு பெரும்பாலும் தளம் போடும் நாளில் நடக்கிறது. விடியற்காலையில் மிக்சர் வந்து நிற்கும். ஜல்லியும் எம்-சாண்டும் தட்டில் ஏறும். மதியத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஆட்கள் ஓடுவார்கள். கலவை கெட்டியாக இருந்தால் பரப்பக் கை வலிக்கும் என்று யாரோ கூடுதலாக ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார். அந்த ஒரு வாளி, காங்கிரீட்டின் வலுவைக் கண்ணுக்குத் தெரியாமல் குறைத்துவிடும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டைச் செருகினால், மேலே ஆள் நடக்கும்போது கம்பி பலகையில் படிந்துவிடும். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456, தளத்துக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40 மில்லிமீட்டர் கவர் கேட்பது இதற்காகத்தான். சாதாரண சிமென்ட் என்றால் ஏழு நாள், ஈரக் காற்று குறைவான வெயில் காலத்தில் அல்லது பிபிசி (PPC) போன்ற கலப்புச் சிமென்ட்டில் பத்து நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும் என்கிறது அதே நூல். நான்கரை மீட்டருக்கு மேல் அகலமான தளமென்றால் முட்டுகள் 14 நாள் நிற்க வேண்டும். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஏறுகிறது, அடுத்த சைட்டுக்கு வேண்டும் என்று முன்னதாகவே பிரித்துவிடும் அவசரத்தை நாம் எல்லா ஊரிலும் பார்க்கிறோம். இதில் எதற்கும் பெரிய படிப்பு வேண்டாம். சொன்னபடி செய்கிறாரா என்று பார்க்க ஒருவர் வேண்டும். செய்யாவிட்டால் பதில் சொல்ல ஒருவர் வேண்டும்.

கட்டித் தருபவர்மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது. வீட்டுக்காரர்களாகிய நாம் நான்கு பேரிடம் ரேட் கேட்டு, குறைவாகச் சொன்னவருக்குக் கொடுக்கிறோம். அவர் எப்படி அந்த விலையில் கட்டுவார் என்று கேட்பதில்லை. ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கலாம் என்று ரசீதே வேண்டாம் என்கிறோம்; பிறகு சண்டை வரும்போது அந்த ரசீதைத்தான் தேடுகிறோம். மண் பரிசோதனையைச் செலவு என்று தள்ளுகிறோம், டைல்ஸுக்கு அள்ளிக் கொடுக்கிறோம். பாதி வேலையில் சமையலறையை இடம் மாற்றச் சொல்லிவிட்டு, அது எக்ஸ்ட்ரா வேலை என்று அவர் கணக்கு எழுதினால் கோபப்படுகிறோம். போர்டிகோ, படிக்கட்டு அறை, சம்ப், செப்டிக் டேங்க் எல்லாம் சதுர அடிக் கணக்கில் சேருமா சேராதா என்பதை அஸ்திவாரம் தோண்டும் முன்பே எழுதி வைத்திருந்தால் நம் ஊர்களில் கட்டடத் தகராறு பாதியாகக் குறைந்துவிடும் என்பது என் உறுதியான நம்பிக்கை. சிமென்ட் எது, கம்பி எந்தத் தரம், பொதுப்பணித் துறை மதிப்பீட்டுச் சான்று பெற்ற ஆலையின் எம்-சாண்டா, பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் என்று எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், எத்தனை மாதம், குறை வந்தால் எத்தனை ஆண்டு பொறுப்பு: முத்திரைத்தாளில் இரண்டு பக்கம் போதும். இதைக் கேட்பது நம்பிக்கையின்மை ஆகாது. நேர்மையான கான்ட்ராக்டருக்கு, முழுப் பணமும் வந்து சேரும் என்பதற்கு அதுவே உத்தரவாதம். கடைசித் தவணையைக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்களால் நொந்து போன மேஸ்திரிகள் கொஞ்சம் பேர் இல்லை.

உரிமம் என்றதும் மேஸ்திரிகளுக்கு வரும் அச்சத்தை நான் மதிக்கிறேன். சித்தாளாக வந்து, கொத்தனாராகி, முப்பது ஆண்டு அனுபவத்தில் தூக்குக் குண்டு இல்லாமலே சுவரின் சாய்வைச் சொல்லிவிடுகிற மனிதர்கள் அவர்கள். பட்டம் கேட்டு அவர்களைத் தொழிலிலிருந்து விரட்டும் எந்த ஏற்பாடும் அநியாயம். அது தேவையும் இல்லை. கலிபோர்னியாவில் 1929 முதல் ஒப்பந்ததாரர்களுக்கு உரிமம் வழங்க ஒரு வாரியம் இயங்குகிறது. அங்கேயும் கல்லூரிப் பட்டம் கட்டாயமில்லை. நான்கு ஆண்டு முழுத் தேர்ச்சியுள்ள வேலை அனுபவமும், சட்டத்திலும் தொழிலிலும் ஒரு தேர்வும், 25,000 டாலருக்கு ஒரு பிணைப் பத்திரமும் கேட்கிறார்கள். உரிம எண்ணை இணையத்தில் தட்டினால் அவர்மீது நடவடிக்கை உண்டா என்று யாரும் பார்க்கலாம். வீட்டைப் புதுப்பிக்கும் வேலையில் முன்பணம் பத்து சதவீதம் அல்லது 1,000 டாலர், எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. உரிமம் தேவைப்படும் வேலையை உரிமமில்லாமல் செய்தவர், கூலி வரவில்லை என்று நீதிமன்றத்துக்கும் போக முடியாது. அந்தக் கடைசி விதி நம் ஊருக்கு மிகக் கடுமையானது. நாம் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அனுபவமே தகுதி, ஒரு பொதுப் பதிவேடு, முன்பணத்துக்கு ஒரு வரம்பு ஆகிய மூன்றும் இங்கே நாளைக்கே பொருந்தும்.

வேலையாட்களையும் இதில் மறக்கக் கூடாது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1994-லேயே நல வாரியம் கண்ட மாநிலம் இது. ஆனாலும் தலையில் ஹெல்மெட் இல்லாமல் சாரத்தில் நிற்கும் வெளிமாநிலப் பையன் தவறி விழுந்தால், அவன் யாருடைய ஆள் என்பதே சிக்கலாகிவிடுகிறது. பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் என்று ஒருவர் இருந்தால், தன் ஆட்களை வாரியத்தில் சேர்த்திருக்கிறாரா என்று கேட்க இடம் கிடைக்கும். ஒப்பந்தம் போடும்போது வீட்டுக்காரரே இதைக் கேட்க வேண்டும்.

பொறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுக் கட்டணம் வாங்கியதோடு முடித்துக்கொள்ளாமல், தளம் போடும் நாளிலாவது சைட்டில் நில்லுங்கள். மூன்று காங்கிரீட் கியூப் எடுத்து 28-ஆம் நாள் வலுவைச் சோதித்து, அந்த முடிவுத் தாளை வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். வங்கிகள் ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு கட்டியிருக்கிறது என்று பார்க்க ஆள் அனுப்புகின்றன. எப்படிக் கட்டியிருக்கிறது என்றும் அவரே ஒரு வரி எழுதலாம்.

பதிவேட்டை அரசு தொடங்கட்டும். முதல் சில ஆண்டுகள் கட்டாயமில்லாமல், கட்டணமில்லாமல், பொறியாளர் சங்கங்களும் கட்டடத் தொழிலாளர் சங்கங்களும் உட்கார்ந்து பேசிய விதிகளோடு. தேர்வு தமிழில் இருக்கட்டும், எழுதத் தெரியாதவர் சைட்டில் செய்து காட்டித் தேறும்படி இருக்கட்டும். சுயசான்று விண்ணப்பத்தோடு கட்டித் தருபவரின் பெயரும் பதிவெண்ணும் வாங்கப்படட்டும். சென்னையிலும் கோவையிலும் மட்டும் தொடங்கினால் போதாது. நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளில்தான் மனைப்பிரிவுகள் வேகமாக வீடுகளாகின்றன. முதல் பதிவு முகாம் அங்கே, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நடக்க வேண்டும்.